ஆப்பிள் பெட்டிப் பலகை

வீட்டுக்கு ஓர் ஆள் என்று சங்கத்தில் முடிவாகியிருந்தது. வரும் ஆள் கையில் கோடாலியோ கடப்பாரையோ ரம்பமோ இருக்க வேண்டும். எண்பத்தேழாம் வருஷம், செப்டம்பர். எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று மேலிடத்தில் அறிவித்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகும் சாலையின் புளியமரங்கள் எங்கள் ஊருக்கு ஒதுக்கப்பட்ட வேலை.

விடிந்ததும் சின்னதுரை மாமா எங்கள் வாசலில் நின்றார். என் அம்மா தைலம்மாளுக்கு அவர் தம்பி முறை. சங்கத்தின் ஊர்க் கிளைக்குத் தலைவர். நான் ஜவ்வரிசி ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் பாயில் விழுந்திருந்தேன்.

"அக்கா, எங்க உன் புள்ள? எழுப்பு அவன."

"இப்பத்தான் தம்பி படுத்தான். ராத்திரி பூரா கண்ணு முழிச்சிட்டு வந்திருக்கான்."

"ஊரே முழிச்சிக்கினு இருக்குது. இவனுக்கு மட்டும் இன்னா தூக்கம்? பாலிடெக்னிக்ல பாதில வுட்டுட்டு வந்தானே, எதனால? நமக்குன்னு எடம் ஒதுக்கியிருந்தா இவன் இன்னிக்கி இஞ்சினியரு."

எனக்கு இடம் கிடைத்திருந்தது. கணக்கில் தேறவில்லை, வந்துவிட்டேன். இதை விடியற்காலையில் அவருக்கு விளக்கும் எண்ணம் எனக்கு இல்லை. போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டேன்.

"சரி, ஆள் வரலன்னா போவுது. ரம்பத்தக் குடு. ரெண்டையும் குடு."

அம்மா பரணில் ஏறினாள். இரண்டு பேர் இழுக்கும் நீள ரம்பம் ஒன்று, சின்னக் கை ரம்பம் ஒன்று. விறகுத் தொட்டியில் கட்டை அறுத்தவர் என் அப்பா. எங்கள் பக்கத்தில் எந்தப் பாத்திரமும் பேர் வெட்டாமல் வீட்டுக்குள் வராது. சொம்பு, குடம், கரண்டி எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் பேர் இருக்கும். அப்பா அதை ரம்பத்துக்கும் செய்தார். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, நீள ரம்பத்தின் கைப்பிடியில் 'பிச்சைமுத்து' என்று சுட்டு எழுதினார். தொட்டியில் பலபேர் ரம்பம் கிடக்கும், மாறிப் போய்விடக் கூடாது என்பதற்காக. அவர் செத்த பிறகும் அது மாறிப் போகவில்லை.

சாக்கில் சுற்றிக்கொண்டு மாமா போய்விட்டார். நான் எழுந்து முகம் கழுவினேன். நான் தூங்குவதாக அவரிடம் சொன்னது அம்மாதான்.

எனக்கு அன்று ஒரு வேலை இருந்தது. ஆலையில் அந்தோணிதாஸ் என்று ஒரு ஃபிட்டர். இரவில் நான் மாவுத் தொட்டி ஓரம் கண் அயரும்போது என் மோட்டாரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்பவர். அவர் பெண் அனிட்டாவைப் பார்க்க நெய்வேலியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. அதற்காக வீட்டை ஒட்டி ஒரு பாத்ரூம் கட்டியிருந்தார். அந்தத் தெருவில் முதல் பாத்ரூம். வாளி வாங்கியாயிற்று, குழாய் போட்டாயிற்று. கண்ணாடிக்கு மட்டும் சட்டம் இல்லை. ஆசாரி கேட்ட கூலியைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"டேய் கொளஞ்சி, நீ பாலிடெக்னிக்ல தச்சு வேல படிச்சியாமே?"

முதல் வருஷம் ஒர்க்‌ஷாப்பில் நான் ஒழுங்காகச் செய்து முடித்த ஒரே பொருள் ஒரு சட்டம்தான். அதைச் சொன்னேன். போதும் என்றார்.

மாதா கோயில் தெரு ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எங்கள் தெருக்காரர்கள் அறுப்புக்கு ஆள் சொல்லப் போவார்கள், தெருமுனையில் நின்று கூப்பிடுவார்கள், திரும்பி வந்துவிடுவார்கள். யாரும் உள்ளே போய் உட்கார்ந்து வேலை செய்ததில்லை. அதிலும் அந்த வாரம் யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று சின்னதுரை மாமா சொல்லியிருந்தார். போராட்டத்தில் அவர்களுக்குப் பங்கு இல்லை, பேச்சு இல்லை.

ஒரு ஆப்பிள் பெட்டியை உடைத்துச் சாக்கில் கட்டிக்கொண்டு நான் ஏரிக்கரை வழியாகப் போனேன். தெரு வழியாகப் போகவில்லை. கள்ளக்குறிச்சி பழக்கடையில் சும்மா கிடந்த பெட்டி அது. வடக்கேயிருந்து வரும் வெள்ளை மரம். லேசாக இருக்கும், ஆணி அடித்தால் பிளக்கும், ஆனால் காய்ந்த மரம். காய்ந்தது முறுக்காது. கண்ணாடிக்கு அதுதான் முக்கியம். பச்சை மரத்தில் சட்டம் செய்தால் ஒரு மாசத்தில் அது கோணிக்கொண்டு கண்ணாடியை உடைத்துவிடும்.

ஃபிட்டர் பின்வாசலில் நின்றிருந்தார். ஆலையில் என்னை டேய் என்பவர், "வாங்க தம்பி" என்றார். குரலும் வேறாக இருந்தது.

"யாரும் பாக்கலியே?"

"எல்லாம் ரோட்ல இருக்காங்க."

ரோடு அங்கிருந்து தூரமில்லை. கோடாலிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஒரு மரம் சாயும்போது முதலில் நீளமாக முறியும் சத்தம், பிறகு நெஞ்சில் மோதுகிற மாதிரி ஒரு அடி, பிறகு கூச்சல். ஃபிட்டர் மனைவி இஞ்ஞாசியம்மாள் ஒவ்வொரு அடிக்கும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ரோட்ட அடைச்சிட்டு அப்பால எந்தப் பக்கம் திரும்புவாங்களோ" என்றாள்.

"வாய மூடுடி. தம்பி இருக்காரு."

"இருக்கட்டுமே. அந்தத் தம்பி ஊரு ஆளுங்கதான?"

நான் பலகையை அளந்தேன். அப்போதுதான் ரம்பம் இல்லை என்பது உறைத்தது. நீள ரம்பம் எனக்கு எதற்கும் ஆகாது, ஆனால் கை ரம்பத்தையும் மாமா கொண்டுபோயிருந்தார். ஃபிட்டரிடம் இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடு ஒன்று இருந்தது. அதால் மரம் அறுப்பது நகத்தால் தேங்காய் துருவுகிற வேலை. அதன் பல் ரொம்பப் பொடிசு. நாலு இழுப்புக்கு ஒரு தரம் தூள் அடைத்துக்கொள்ளும், தட்ட வேண்டும். ஆனால் அறுத்த முகம் இழைத்தது போல் வரும்.

சட்டம் போட வேண்டியது பீரோவில் உடைந்த கண்ணாடி. மேல் பாதி நன்றாக இருந்ததால் கடையில் கொடுத்து வெட்டி வாங்கியிருந்தார். மூலையில் விரிசல் விட்ட கீழ்த் துண்டு சுவரோரம் சாத்தியிருந்தது.

மெல்லிய பலகையில் கண்ணாடி உட்காரப் பள்ளம் எடுக்க முடியாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. அகலப் பட்டை நாலு, ஒடுக்கமான பட்டை நாலு அறுக்க வேண்டும். அகலத்தை முன்னால் வைத்து, ஒடுக்கத்தை அதன் முதுகில் வெளி விளிம்போடு சேர்த்து ஒட்டினால் உள்பக்கம் தானாக ஒரு படி கிடைக்கும். கண்ணாடி அந்தப் படியில் உட்காரும். மூலையில் முன்பட்டை எந்தத் திசையில் முடிகிறதோ, பின்பட்டை அதற்குக் குறுக்கே ஓட வேண்டும். ஒன்று மற்றதைப் பிடித்துக்கொள்ளும். பசையும் சின்ன ஆணிகளும் போதும்.

பசை காய்கிற நேரத்தில் அனிட்டா டீ கொண்டு வந்தாள். டம்ளரைக் கையில் கொடுக்கவில்லை, பக்கத்தில் வைத்தாள். டீச்சர் ட்ரெய்னிங் முடித்தவள்.

"பச்ச பெயிண்டா அடிக்கப் போறீங்க?"

"உங்கப்பாகிட்ட அதான் இருக்குது. மோட்டாருக்கு அடிக்கிற பெயிண்டு."

"மாப்பிள்ள வூட்டுக்காரங்க மோட்டார் ரூம்னு நெனச்சிக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டு, அப்பாவைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். முன்னும் பின்னும், அறுத்த முனைகளிலும் பெயிண்ட் அடித்தேன். முனை வழியாகத்தான் மரம் தண்ணீர் குடிக்கும். முதுகில் ஓரிடத்தில் மட்டும் தூரிகை படவில்லை. ஆப்பிள் படம் போட்ட காகிதம் பலகையோடு ஒட்டியிருந்தது, பாதி ஆப்பிள். சுரண்டினால் மரம் பிய்ந்தது, அப்படியே விட்டேன். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி மூலைக்கு ஒன்றாக ஒட்டினேன். சிவப்பு ட்யூப். சுவரில் ஒட்டாமல் காற்று போக வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் கண்ணாடியின் ரசம் ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும்.

சுவரில் ஓட்டை போடும்போது ஃபிட்டர் ஒரு பழைய பனியனைக் கொண்டுவந்து சுத்தியலின் தலையில் சுற்றினார்.

"சத்தம் வாணாம் தம்பி."

வெளியே ஊரே அதிர்கிறது. இவர் சுத்தியலுக்குத் துணி சுற்றுகிறார். நான் சிரிக்கவில்லை. மெதுவாகவே அடித்தேன். ஆப்பு வைத்து, ஸ்குரு முடுக்கி, கண்ணாடியை மாட்டிவிட்டு, மத்தியானம் கோயில் மணி அடித்த பிறகு ஏரிக்கரை வழியாகவே வீட்டுக்கு வந்தேன். வந்து தூங்கினேன்.

*

சாயங்காலம்தான் கதை தெரிந்தது. மாமாவும் ஆட்களும் பெரிய புளியமரம் ஒன்றை நீள ரம்பம் போட்டு அறுத்திருக்கிறார்கள். பச்சை மரத்தை அறுக்கும்போது அறுத்த பிளவில் ஆப்பு அடித்துக்கொண்டே போக வேண்டும். இவர்கள் கரும்பு வெட்டுகிறவர்கள், நாற்று நடுகிறவர்கள். பாதி போனதும் மரம் உட்கார்ந்து ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. இழுத்திருக்கிறார்கள், உதைத்திருக்கிறார்கள், வரவில்லை. அதற்குள் போலீஸ் வேன் சத்தம் கேட்டது, ஓடிவிட்டார்கள். மரம் கொண்டையில் சீப்பு செருகிக்கொண்டது போல அப்படியே நின்றது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியில் பிச்சைமுத்து.

கை ரம்பம் எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று இரவோடு ஆண்கள் எல்லாரும் கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டார்கள். மேலே மரவள்ளிக் காட்டில் கூலிக்குப் போன பழக்கம் உண்டு, தங்க இடம் உண்டு. வடக்கே துப்பாக்கிச் சூடு என்று சைக்கிளில் வந்தவர்கள் சொன்னார்கள். பஸ் இல்லை, ஆலை மூடிவிட்டது. நான் போகவில்லை. மரம் வெட்டாத நான் எதற்கு மலையேற வேண்டும் என்று நினைத்தேன்.

"போயிடுடா. பேரு நம்மளுது" என்றாள் அம்மா.

"பேரு அப்பாவுது."

மரங்களை இழுத்துப் போட்டு வழி பண்ணியதும் ஜீப் வந்தது. தலையாரி வீட்டைக் காட்டினார். சப்‌இன்ஸ்பெக்டர் கையிலேயே ரம்பம் இருந்தது. மரத்தைச் சாய்த்து எடுத்திருக்கிறார்கள் போல, பல் வரிசை ஒரு பக்கம் வளைந்திருந்தது.

"பிச்சைமுத்து யாரு?"

"எங்க வூட்டுக்காரருங்க" என்றாள் அம்மா.

"கூப்புடு."

அம்மா சுவரைக் காட்டினாள். மாலை போட்ட போட்டோவை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். கான்ஸ்டபிள் ஒருவர் சிரிப்பை அடக்கினார்.

"புள்ள?"

நான் வெளியே வந்தேன். எதிர் வீட்டு வாசலில் சின்னதுரை மாமாவின் மனைவி ராணியம்மாள் இடுப்பில் குடத்தோடு நின்றாள். குடத்தில் தண்ணீர் இல்லை. அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் எந்தப் பேரைச் சொல்வேன் என்று பார்த்தாள்.

"தெருவுல ஒரு ஆம்பள இல்ல. நீ மட்டும் இருக்க. தைரியமா, திமிரா?"

"நான் மரம் வெட்டல சார்."

"ரம்பம் தானா நடந்து போச்சா?"

"அன்னிக்கி நான் இங்கயே இல்ல."

"எங்க இருந்த?"

அம்மாவுக்கே அது தெரியாது. சொல்லாவிட்டால் ஜீப்பில் ஏற வேண்டும், அங்கிருந்து கடலூர் ஜெயில். ஒரு மரமா ஒன்பது மரமா, பஸ் எரித்த கேஸும் சேர்த்தா, அது அவர்கள் இஷ்டம். வீட்டில் அம்மா தனியாக.

"மாதா கோயில் தெருவுல. அந்தோணிதாஸ் ஃபிட்டர் வூட்ல. பாத்ரூம் கண்ணாடிக்குச் சட்டம் செஞ்சிக்கினு இருந்தேன்."

இந்த முறை கான்ஸ்டபிள் சிரித்தேவிட்டார். "ஊர் பத்தி எரியுது, இவரு கண்ணாடிக்குச் சட்டம் போட்டாராம் சார்."

ராணியம்மாள் குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். பக்கத்தில் நின்றவளிடம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "அந்த வூட்ல வயசுப் பொண்ணு ஒண்ணு இருக்குதில்ல?"

*

ஜீப் ஃபிட்டர் வீட்டு முன்வாசலில் நின்றது. பின்னாலேயே எங்கள் தெருப் பெண்கள் ஏரிக்கரை வரை வந்துவிட்டார்கள். முன்னால் ராணியம்மாள்.

ஃபிட்டர் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். ஏரிக்கரையைப் பார்த்தார்.

"இவனத் தெரியுமா?"

"ஆலையில பாத்திருக்கேன் சார்."

"மறியல் மொத நாளு உன் வூட்டுக்கு வந்தானா?"

"இல்ல சார்."

இஞ்ஞாசியம்மாள் கதவுக்குப் பின்னால் நின்றாள். அனிட்டா அவளுக்கும் பின்னால்.

"பாத்ரூம்ல கண்ணாடி இருக்குதா?"

"இருக்குது சார். சின்னசேலம் சந்தைல வாங்கினது."

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார். ஏன் பொய் சொல்கிறார் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. யோசிக்கவும் வேண்டியிருக்கவில்லை. நான் வந்தேன் என்றால் எங்கள் தெரு அவரை விடாது. ஊர்ப் பையன் ஒருவன் விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை பெண் இருக்கிற வீட்டில் இருந்தான் என்றால் நெய்வேலிக்காரர்கள் வர மாட்டார்கள். அவர் கணக்கு சரி. அந்தக் கணக்கில் கழிந்துபோகிறவன் நான்.

"சார், அந்தச் சட்டத்தக் கழட்டிப் பாருங்க" என்றேன். "முதுவுல பாதி ஆப்பிள் படம் ஒட்டியிருக்கும். சந்தைல வாங்கினா மூலைக்கி மூலை செவப்பு ட்யூபு வெச்சிக் குடுப்பாங்களா? அது ஆப்பிள் பெட்டிப் பலக. அறுத்தது ஹாக்ஸா பிளேடுல, முனையப் பாருங்க, ரம்பம் போட்ட பிசிறு இருக்காது."

ஃபிட்டர் தரையைப் பார்த்தார்.

எஸ்.ஐ. உள்ளே போனார். கான்ஸ்டபிள் ஸ்குருவைக் கழற்றுவது கேட்டது. நாலும் கழன்று வர நேரமாயிற்று, நன்றாக முடுக்கியிருந்தேன். சட்டத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கவிழ்த்தார்கள். பாதி ஆப்பிள். சிவப்பு ட்யூப். எஸ்.ஐ. முனையைக் கட்டைவிரலால் தடவினார்.

"மரத்த எதுக்குடா ஹாக்ஸாவுல அறுத்த?"

"கை ரம்பம் வூட்ல இல்ல சார்."

சொல்லி முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது.

"இல்லன்னா? எங்க போச்சி?" கண்ணாடியை அவர் கீழே வைக்கவில்லை. "அதுவும் இதுவும் ஒண்ணாத்தான போயிருக்குது. யார் எடுத்துக்கினு போனது?"

அவர் என்னை விட்டுவிட்டு ஃபிட்டரிடம் போனார். கை ஓங்கவில்லை. குரல்தான் இறங்கியது.

"யோவ், போலீஸ்காரன்கிட்ட எதுக்குய்யா பொய் சொன்ன? இவன் ஜெயிலுக்குப் போயிருப்பானே."

ஃபிட்டர் ஏரிக்கரையைக் காட்டவில்லை. அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை.

"சார், நீங்க பொழுது சாஞ்சா போயிடுவீங்க. நாங்க இங்கதான் குடியிருக்கணும்."

ஜீப் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எஸ்.ஐ. என்னிடம் வந்தார்.

"நீ வெட்டலன்னு ஆயிப்போச்சி. ரம்பம் யார்ட்ட குடுத்தன்னு ஒரே ஒரு பேரு சொல்லு. வூட்டுக்குப் போ."

ராணியம்மாள் கரையிலிருந்து ஓரடி கீழே இறங்கியிருந்தாள்.

"எனக்கும் அதே பதில்தான் சார்" என்றேன்.

அறை இடது காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. ஜீப்பில் ஏற்றினார்கள். ரம்பத்தைக் காலடியில் போட்டார்கள். கண்ணாடியை வைக்க இடமில்லை.

"பிடிடா. ஒடஞ்சா உன் தோல உரிச்சிடுவேன்."

கண்ணாடி மேல் பார்த்தபடி என் மடியில் இருந்தது. ஜீப் குலுங்கும்போதெல்லாம் அதில் வானமும் புளியங்கிளையும் குதித்தன. என் வேலை நன்றாக இருந்தது. இந்தக் குலுக்கலில் ஒரு மூலைகூட அசையவில்லை.

*

ஸ்டேஷனில் சுவரோரம் உட்காரவைத்தார்கள். வேறு ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவன் உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார்கள். என் கையில் கோடாலிக் கொப்புளம் இல்லை. மாவுத் தண்ணீர் தின்ற விரலிடுக்கு மட்டும் வெந்து கிடந்தது. மறுபடி கேட்டார்கள். மறுபடி அடித்தார்கள், இந்தத் தடவை காலில். நான் பெரிய வீரன் இல்லை. இரண்டு தடவை சின்னதுரை என்ற பேர் பல் வரை வந்தது. மாமா மேல் இருந்த பாசத்தால் அதை முழுங்கவில்லை. அந்தப் பேரைச் சொல்லிவிட்டு எங்கள் தெருவில் ஒரு நாள்கூட இருக்க முடியாது, அம்மாவாலும் முடியாது, அவ்வளவுதான்.

பொழுது இறங்கும்போது கடலூருக்கு லாரி வந்தது. வரிசையில் நிற்க வைத்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவன் ஏறினான். நான் கால் தூக்கினேன், வீக்கத்தில் அது தூக்க வரவில்லை.

"நீ இரு" என்றார் எஸ்.ஐ. கையில் சீப்பு இருந்தது, தலையில் ஈரம். பின்னால் குளியலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே பச்சைச் சட்டம் மாட்டியிருந்தது. "செத்தவன் மேல கேஸ் போட முடியாது. பாத்ரூம் கண்ணாடி செஞ்சவன் மேல போட்டா கோர்ட்ல என்னப் பாத்து சிரிப்பான். போ, ஓடு."

"சார், கண்ணாடி..."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஓடினேன். ஓடினேன் என்றா சொன்னேன்? நொண்டினேன்.

*

மறியல் முடிந்தது. ஆட்கள் மலையிலிருந்து இரண்டிரண்டு பேராக இறங்கினார்கள். என்னோடு யாரும் சண்டை போடவில்லை. பேசவும் இல்லை. டீக்கடையில் நான் போனால் பெஞ்சில் இடம் விழும், நிறையவே விழும். நான் பேர் சொல்லாததை ராணியம்மாள் கரையில் நின்று பார்த்தாள். வீட்டுக்குப் போய் அதை அவள் சொல்லவில்லை போல. வயசுப் பொண்ணு என்பதை மட்டும் சொல்லியிருந்தாள். "ஆப்பிளு" என்று பையன்கள் எனக்குப் பேர் வைத்தார்கள்.

ஆலை திறந்த பிறகு ஃபிட்டரும் பேசவில்லை. என் மோட்டாரை நானே பார்த்துக்கொண்டேன். தூங்கவில்லை. ஒரு நாள் விடிந்து கிளம்பும்போது என் டிபன் பாக்ஸ் மேல் ஒரு நூல் சுருண்டு கிடந்தது. ஒரு முனையிலிருந்து முதல் முடிச்சு வரை ஒரு நீளம், அங்கிருந்து அடுத்த முடிச்சு வரை ஒரு நீளம். மிச்ச நூலில் கொஞ்சம் தள்ளிக் குட்டியாக ஒரு முடிச்சு. ஃபிட்டர் வைத்த அளவு என்று எனக்குப் புரிந்தது. முதல் இரண்டும் பீரோக் கண்ணாடியின் கீழ்த் துண்டுடைய நீள அகலம். குட்டி முடிச்சு அதன் மூலையில் உள்ள விரிசல் எவ்வளவு உள்ளே வருகிறது என்பது. மாப்பிள்ளை வீட்டார் வராமல் நின்றுபோனது பஸ் இல்லாததால்தான், வரும் ஞாயிறு வருகிறார்கள் என்று ஆலையில் பேசிக்கொண்டார்கள்.

மிச்சமிருந்த பெட்டிப் பலகையை எடுத்தேன். இந்தத் தரம் எங்கள் வாசலில் உட்கார்ந்து செய்தேன். பிளேடு மட்டும் ஃபிட்டருடையது, அதை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. முன்பட்டையைக் குட்டி முடிச்சுக்கு மேல் ஒரு விரல் அகலமாக எடுத்தேன். கண்ணாடி சின்னது, சட்டம் தடித்தது, பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் விரிசல் மரத்துக்குப் பின்னால் போய்விடும். பச்சைப் பெயிண்ட் ஸ்டேஷனுக்குப் போன சட்டத்தோடு தீர்ந்துவிட்டது. வார்னிஷ் அடித்தேன். ஆப்பிள் படத்தைச் சுரண்டி எடுத்துவிட்டேன்.

"ஏரிக்கர வழியா போயிட்டு வந்துடு" என்றாள் அம்மா.

"இல்ல."

அன்று ஒளிந்து போனேன். ஒளிந்து போனவனுக்கு ஊர் என்ன காரணம் வைக்குமோ அதைத்தான் வைத்தது. சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆணிப் பொட்டலத்தையும் சுத்தியலையும் உளியையும் கையில் பிடித்துக்கொண்டு பட்டப்பகலில் தெரு நடுவில் நடந்தேன். கால் இன்னும் முழுசாக ஆறவில்லை. நொண்டுவது எல்லாருக்கும் தெரிந்தது.

டீக்கடையில் பேச்சு நின்றது. சின்னதுரை மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மலை வெயிலில் கறுத்திருந்தார்.

"இன்னாடா மாப்ள, கண்ணாடியே இல்லாத சட்டம்? எங்க போற?"

"மாதா கோயில் தெரு. ஃபிட்டர் வூட்டு பாத்ரூமுக்கு."

"மறுபடியுமா?" பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "அந்த வூட்ல அப்பிடி இன்னாடா குளிக்கிறாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு பேர் எழுந்து வழியில் வந்து நின்றார்கள். ஒருவன் சட்டத்தின் விளிம்பில் கை வைத்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

"மாமா, எங்கப்பா ரம்பம் எங்க?"

சிரிப்பு நின்றது.

"அது... ஸ்டேஷன்ல இருக்கும். போய்க் கேளு."

"அங்கதான் இருந்தேன். யார்ட்ட குடுத்தன்னு அவங்க என்னக் கேட்டாங்க. கால்ல அடிச்சி அடிச்சி கேட்டாங்க. நான் இன்னா சொன்னேன்னு உனக்குத் தெரிய வாணாமா? நீ மலையிலருந்து எறங்கினதுலருந்து கேக்கவே இல்லியே."

அவர் டீ டம்ளரைப் பார்த்தார். சிரித்தவர்கள் அவரைப் பார்த்தார்கள்.

"வுடுங்கடா" என்றார் கடைசியில். "வேலைக்குப் போறவன எதுக்கு நிறுத்தறீங்க?"

சட்டத்திலிருந்து கை எடுபட்டது. நான் நடந்தேன். பின்னால் யாரோ செருப்புத் தேய வந்தார்கள். நான் திரும்பவில்லை. ஏரி மதகு வரை அந்தச் சத்தம் வந்தது. அங்கே நின்றுவிட்டது, திரும்பிப் போகவும் இல்லை.

ஃபிட்டர் வீட்டு முன்கதவைத் தட்டினேன். இஞ்ஞாசியம்மாள் திறந்தாள். என் தோளுக்கு மேலாக மதகைப் பார்த்தாள். கதவை மூடுவாள் என்று நினைத்தேன். அவள் ஒதுங்கி நின்றாள்.

கண்ணாடி படியில் சரியாக உட்கார்ந்தது, விரிசல் மறைந்தது. இது சின்னச் சட்டம். பழைய ஓட்டைகள் உதவவில்லை. புதிதாகப் போட வேண்டும். ஃபிட்டர் அந்தப் பழைய பனியனை எடுத்துக்கொண்டு பாத்ரூம் வாசலில் வந்து நின்றார்.

"வாணாம் ஃபிட்டர்" என்றேன். "கேக்கட்டும்."

அவர் பனியனைத் தோளில் போட்டுக்கொண்டார். நான் உளியைச் சுவரில் வைத்து அடித்தேன்.